புயலறிவித்த பிட்ஸ்ராய்

வங்கக் கடலில் புயல் தோன்றிவிட்டால் நம் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதைக் கேள்வியுற்றிருப்பீர்கள். கடலோர ஊர்களில் வாழ்வோர் கண்ணாலும் கண்டிருப்பீர்கள். பகலில் கூம்பும் உருளையுமாகிய குறிகளையும், இரவில் விளக்குகளையும் உயர்ந்த கம்பத்தில் ஏற்றுவர். அவற்றைக் கண்டதும் மீனவர் தம் படகுகளைக் கரையேற்றிக் கட்டுவர். கப்பல் தலைவரும் தக்கது செய்ய விரைவர். பிரிட்டன் நாட்டின் கரையெங்கும் இத்தகைய குறிகளை முதன்முதல் ஏற்றுவித்தவர் இராபர்ட் பிட்ஸ்ராய் என்னும் கடற்படையாளர் ஆவார். ஹாலந்து நாட்டில் பைஸ் பலட் என்னும் அறிஞர் 1860 ஆம் ஆண்டிலேயே புயலெச்சரிக்கை தரத் தொடங்கினார் என்பதையும் இங்கே மறைத்தல் ஆகாது. எனினும், கூம்பையும் உருளையையும் குறியாக வகுத்த பெருமை பிட்ஸ்ராயையே சாரும். சார்லஸ் டார்வினைத் தம் கப்பலில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தவர் என்ற அளவிலேயே பலரும் அவரை அறிவர். அப்பயணத்தினும் அரிய செயல் ஒன்றை அவர் பின்னாளில் மேற்கொண்டார்.

பிட்ஸ்ராய் இங்கிலாந்தின் சபோக் பகுதியிலுள்ள ஆம்ப்டன் என்னும் ஊரில், 1805 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5 ஆம் நாள் பிறந்தார். அவருடைய பாட்டனார் கிராப்டன் கோமகனார். அந்நாட்டின் தலைமை அமைச்சராய் இருந்தவர். இளமையிலேயே தாயை இழந்த பிட்ஸ்ராய், பன்னிரண்டாம் வயதில் போர்ட்சுமவுத் நகரத்துக் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். 1824 ஆம் ஆண்டில் நடந்த படைத்துறைத் தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெற்றுத் தேறினார். அதற்குமுன் எவரும் அத்தேர்வில் அவ்வாறு தேறியதில்லை.

அக்காலத்தில் தென்னமெரிக்காவின் தென்கோடிக் கரையை அளந்து படம் வரையும் பணியில் 'பீகிள்' என்னும் சிறு கப்பல் ஈடுபட்டிருந்தது. குளிரும் மழையும் ஓயாத அக்கரையில் நெடுநாள் உழன்ற அதன் தலைவர் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், உள்ளம் உடைந்து 1828 ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவருக்குப்பின் அக்கப்பலின் தலைமை இருபத்து மூன்று வயதே நிரம்பிய பிட்ஸ்ராயிடம் வந்தது.

தலைமை ஏற்றுச் சில வாரங்களே சென்றிருந்தன. 1829 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதியில், பிளாட்டா ஆறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அருகே, மால்டனாடோ என்னும் துறையை நோக்கிப் பீகிள் சென்றுகொண்டிருந்தது. அப்பகுதியின் பரந்த புல்வெளிகளிலிருந்து சிற்சில வேளைகளில் கொடிய சூறைக்காற்று ஒன்று திடுமெனக் கடல்மேற் பாயும். அதனைப் 'பாம்பெரோ' என்பர். அன்று கப்பலிலிருந்த பாரமானி முன்னமே இறங்கியிருந்தது. வானமும் வேறுபட்டிருந்தது. ஆயினும், விரைந்து துறையை அடைய வேண்டும் என்னும் ஆவலால், இளைஞரான தலைவர் பாய்களை உரிய காலத்தில் சுருக்குவித்தாரில்லை. சூறை வந்து மோதியது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேற்பாய்மரங்கள் முறிந்து வீழ்ந்தன. பாய்மரத்தின்மேல் நின்று பணியாற்றிய மாலுமியர் இருவர் கடலில் வீழ்ந்து மறைந்தனர். கப்பல் ஒருவாறு தப்பியது.

காற்றின் அழுத்தத்தைப் பாதரசத்தின் உயரத்தால் காட்டும் கருவியே பாரமானி. குழாயினுள் பாதரசம் சரசரவென இறங்குமாயின், சூழவுள்ள காற்றின் அழுத்தம் குறைந்து வருகின்றது என்பது பொருள். அழுத்தம் மிகுந்த இடங்களிலிருந்து காற்று அவ்விடம் நோக்கி விரைந்து பாயும். கருவி தன் கடமையைச் செய்தது. அதனைப் படித்தவர் பொருட்படுத்தவில்லை. அவ்விருவர் இறப்புக்கும் தாமே பொறுப்பென்று பிட்ஸ்ராய் கருதினார். தம் பிழையை அவர் பிறர்மேல் ஏற்றவில்லை. வாழ்நாள் முழுதும் மறக்கவும் இல்லை. அன்றுமுதல் பாரமானியைப் பாராமல் அவர் ஒருநாளும் கடலோடியதில்லை என்று சொல்லிவிடலாம்.

1830 ஆம் ஆண்டில் தாயகம் திரும்புகையில், தீப்பூமி எனப்படும் தென்கோடித் தீவுகளின் பழங்குடியினர் நால்வரை அவர் உடன் கொண்டுவந்தார். கல்வி புகட்டித் திரும்ப விடுவதே அவர் எண்ணம். நால்வருள் ஒருவர் அம்மை நோயால் இறந்தார். நல்லெண்ணத்தொடு செய்ததாயினும், மக்களை அவர்தம் மண்ணிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த அச்செயலை நாம் இன்று பாராட்ட இயலாது. எஞ்சிய மூவரையும் 1831 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் தொடங்கிய இரண்டாம் பயணத்தில் அவர் திரும்பக் கொண்டுசென்றார். இருபத்திரண்டு வயதினரான டார்வின் உடன் சென்றது இப்பயணத்திலேதான். ஐந்தாண்டு நீண்ட அப்பயணத்தின் பெருமையெல்லாம் டார்வினுக்கே உரியதெனப் பலர் நினைப்பர். ஆனால் கப்பலை ஓட்டியவரும், கரைகளை நுட்பமாக அளந்தவரும், இருபத்திரண்டு காலமானிகளைக் காத்தவரும் பிட்ஸ்ராய். காற்றின் வேகத்தைப் படிப்படியாக எண்ணிட்டுக் குறிக்கும் போபோர்ட் அளவை ஆணைப்படி முதன்முதற் கையாளப்பட்டதும் அக்கப்பலிலேதான். 1833 ஆம் ஆண்டு சனவரியில் ஆர்ன் முனையருகே மலைபோன்ற அலைகள் அடுத்தடுத்து வந்து மோதின. படகு ஒன்றைக் கப்பல் இழந்தது. எனினும் மூழ்காது மீண்டது. அளவைப் பணிக்குத் துணையாகத் தம் சொந்தப் பணத்தில் மற்றொரு கப்பலையும் அவர் வாங்கினார். மேலிடத்தார் அச்செலவை ஏற்க மறுத்துவிட்டனர்.

பின்னர் 1841 இல் பாராளுமன்ற உறுப்பினராகவும், 1843 இல் நியூசிலாந்தின் ஆளுநராகவும் ஆனார். ஆங்கே குடியேறியவர்க்கும் மாவோரி மக்களுக்கும் நிலம்பற்றி மூண்ட பூசலில், குடியேறியவர்மீதே குற்றமுண்டு என அவர் தீர்த்தது பெரும்பகையை விளைத்தது. 1845 இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அரசியல் அவருக்கு ஏற்ற துறையன்று.

1854 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வாணிகத் துறையின்கீழ் வானிலைப் பிரிவு ஒன்று தொடங்கப்பெற்றது. பிட்ஸ்ராய் அதன் தலைவரானார். மிகச் சிலரே அவருக்குத் துணை. கடலோடும் கப்பல்களிலிருந்து காற்றைப்பற்றிய குறிப்புகளைத் திரட்டி அட்டவணையாக்குவதே அப்பிரிவுக்கு இடப்பட்ட பணி. கணக்கெழுதும் பணியேயன்றிக் காப்பாற்றும் பணியன்று. அதனோடு அமைந்திருந்தால் அவர் அமைதியாக ஓய்வு பெற்றிருப்பார்.

அவரோ அமையவில்லை. ஏழை மீனவர் வாழும் சிற்றூர்த் துறைகளில் பாரமானிகளை நிறுவ ஏற்பாடு செய்தார். விலை கொடுத்து வாங்க இயலாத ஊர்களுக்கு அவை இரவலாக வழங்கப்பட்டன. கடலுக்குச் செல்வோர் எல்லாரும் வழியிற் பார்த்துச் செல்லுமாறு, அக்கருவியைச் சுவரில் பதித்து வைத்தனர். அதன் ஏற்ற இறக்கத்தை எவ்வாறு உணர்வது என்பதை எளிய சொற்களில் எழுதிச் சிறு நூலாகவும் வெளியிட்டார். மால்டனாடோவில் தமக்கு வாய்த்தும் பயன்படாது போன எச்சரிக்கை, பிறர்க்கேனும் பயன்பட வேண்டும் என்று அவர் விழைந்தார் போலும்.

ஆனால் பாரமானி தான் நிற்கும் இடத்தின் நிலையை மட்டுமே சொல்லும். நூறு கல் தொலைவில் எழுந்து வந்துகொண்டிருக்கும் புயலை அது எங்ஙனம் காட்டும்? புயல் ஓரிடத்தில் நிற்பதன்று, ஊர்ந்து செல்வது என்பதை அறிஞர் அக்காலத்திலேதான் தெளிவாக உணரத் தொடங்கினர். 1854 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள், கிரிமியப் போரின்போது, கருங்கடலில் நின்ற பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் பல ஒரு புயலால் அழிந்தன. பிரெஞ்சு வானியலறிஞர் லெவெரியே பல நாடுகளிலிருந்தும் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, அப்புயல் ஐரோப்பாவைக் கடந்து அங்கே சென்றது புலனாயிற்று. முன்னமே ஒருவர் சொல்லியிருக்கக்கூடும். சொல்வதற்கு ஓர் அமைப்பு இல்லை.

பிரிட்டன் இவ்வுண்மையைத் தன் கரையிலேயே உணரும் நாளும் வந்தது. 1859 ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 ஆம் நாள், 'இராயல் சார்ட்டர்' என்னும் நீராவிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து இங்கிலாந்தின் லிவர்ப்பூலுக்குப் புறப்பட்டது. பொன்வயல்களில் உழைத்துப் பொருளீட்டியவர் பலர் தம் பொன்னொடும் குடும்பத்தொடும் அதில் இருந்தனர். இருதிங்கள் கடலிற் கழித்து, இன்னும் ஓரிரவில் வீடடையும் நிலையில் இருந்தது கப்பல். அக்டோபர் 25 ஆம் நாள் இரவில் வேல்சு நாட்டு ஆங்கில்சி தீவருகே புயல் அதனை மடக்கியது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. மறுநாட் காலை கப்பல் பாறையில் மோதிப் பிளந்தது. கரை மிக அருகே இருந்தும் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர் ஏறத்தாழ நாற்பதின்மரே. பெண்டிருள் ஒருவரும் குழந்தையருள் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்புயலில் பிரிட்டனின் கரைகளில் மூழ்கிய கலங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. இறந்தோர் தொகை எண்ணூறு வரை எனக் கணித்தனர்.

பிட்ஸ்ராய் அப்புயலை நாழிகை நாழிகையாக ஆராய்ந்தார். பல இடங்களிலிருந்து பெற்ற பாரமானிக் குறிப்புகளையும், காற்று வீசிய திசைகளையும் படத்தில் இட்டார். அப்பொழுது ஓர் உண்மை வெளிப்பட்டது. ஆங்கில்சியைப் புயல் தாக்குவதற்குப் பல மணி நேரம் முன்னரே, தெற்கே கார்ன்வால், தெவன் கரைகளை அது தாக்கியிருந்தது. அங்கிருந்து அது வடக்கு நோக்கி நடந்து வந்திருந்தது. புயல் மணிக்குச் சில பத்துக் கல் தொலைவே செல்லும். தந்தியோ நொடியிற் செல்லும். கார்ன்வாலிலிருந்து ஒரு தந்தி பறந்திருந்தால், வடகரைத் துறைமுகங்களெல்லாம் புயல் வருமுன் விழித்திருக்கும். கம்பி இருந்தது, கருவி இருந்தது, இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

அவ்விணைப்பை அவர் செய்தார். 1860 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், கரையோரத்திலுள்ள பதினைந்து அளவிலான நிலையங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை, விசை ஆகியவை நாள்தோறும் காலையில் தந்திவழியாக இலண்டனுக்கு வந்தன. அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள வலன்சியாவும் அவற்றுள் ஒன்று. எங்கே அழுத்தம் குறைகின்றது, எத்திசையில் நகர்கின்றது என்பதைப் பிட்ஸ்ராய் உய்த்துணர்வார். இடர் வருமெனத் தோன்றினால், உரிய துறைமுகங்களுக்கு உடனே தந்தி செல்லும். அங்குள்ள அலுவலர் கம்பத்தில் குறியேற்றுவார். கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடபுறத்துக் காற்று. கீழ்நோக்கி இருந்தால் தென்புறத்துக் காற்று. உருளை மட்டும் இருந்தால் மாறி மாறி எத்திசையிலிருந்தும் கடுங்காற்று. கூம்பும் உருளையும் சேர்ந்திருந்தால் பெரும்புயல். இரவிற் காண்பதற்கு, முக்கோணமாகவும் சதுரமாகவும் விளக்குகளைத் தொங்கவிட்டனர். எழுத்தறியாத மீனவரும் ஒரு கல் தொலைவிலிருந்து படிக்கத்தக்க எழுத்து அது!

முதல் எச்சரிக்கை 1861 ஆம் ஆண்டு பிப்ரவரி 6 ஆம் நாள் விடுக்கப்பட்டது. குறியைக் கண்டவர் கடலுக்குச் செல்லலாகாது என்பது ஆணையன்று. விழிப்பாய் இருங்கள் என்பதே அதன் பொருள். செல்வதும் செல்லாமையும் அவரவர் விருப்பம்.

அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து, வரும் இரண்டு நாட்களின் வானிலையைப்பற்றிய குறிப்பு 'டைம்ஸ்' இதழில் வெளிவரலாயிற்று. உலகில் நாளிதழ் வாயிலாக மக்களுக்கு வழங்கப்பட்ட முதல் வானிலை முன்னறிவிப்பு அதுவே என்பர். இதற்கு ஆரூடம், குறிசொல்லுதல் முதலிய பெயர்கள் பொருந்தா என்று கருதிய பிட்ஸ்ராய், முன்கணித்தல் என்னும் பொருள்படும் புதிய சொல்லாட்சியை வழக்கிற் கொணர்ந்தார். விக்டோரியா அரசியாரும் கடல்கடந்து உவைட்டுத் தீவுக்குச் செல்லுமுன் அவரிடம் ஆளனுப்பி வானிலை கேட்டறிந்தார்.

பெரியோர் கேட்டனர், பொதுமக்கள் விரும்பினர், ஆயினும் தொல்லை அங்கிருந்தே தொடங்கியது. அயர்லாந்துக்கு மேற்கே பரந்த கடலில் தந்திக் கம்பி ஏது? பிரிட்டனை நோக்கி வரும் புயல்களுட் பல அக்கடலிலிருந்தே வருவன. அவை வலன்சியாவை நெருங்கிய பின்னரே இலண்டனுக்குத் தெரியும். சில புயல்கள் எதிர்பாராமல் வந்தன. சில, வருவன போற் போக்குக் காட்டி வடக்கே விலகிச் சென்றன. குறி ஏற்றியும் காற்று வாராத நாளில் மீனவனுக்கு ஒருநாட் பிழைப்பு போயிற்று. மீன்பிடிக் கலங்களை உடைய முதலாளிமார் சினந்தனர். குறி ஏற்றாத நாளில் காற்று வந்தால் உயிரே போயிற்று. ஐயப்பாடு மிக்க ஒவ்வொரு காலையிலும், இவ்விரண்டில் எதற்குத் துணிவது என்பதை இலண்டனில் ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எச்சரிக்கையால் தப்பியவர் அதனை உணர்வதில்லை. புயலுக்குச் செல்லாதிருந்தவன் தான் மூழ்கியிருப்பான் என்பதை எங்ஙனம் அறிவான்? பொய்த்த எச்சரிக்கையோ எல்லார் நினைவிலும் நின்றது.

இதழ்கள் எள்ளி நகையாடின. முன்னறிவிப்பை நாள்தோறும் வெளியிட்ட டைம்ஸ் இதழே, 1864 ஆம் ஆண்டில், அதன் தவறுகளுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று எழுதியது. தந்திச் செலவைப்பற்றிப் பாராளுமன்றத்தில் குறை கூறினர். அறிவியலாளர் சிலர், காற்றின் விதிகள் முற்றும் அறியப்படாத நிலையில் முன்னறிவிப்பது அறிவியலாகாது என்றனர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. தாம் முடிவுக்கு வந்த முறையைப் பிட்ஸ்ராய் பிறர் சோதிக்கத்தக்க விதிகளாக வகுத்துத் தரவில்லை; 1863 இல் அவர் வெளியிட்ட வானிலை நூலும் அக்குறையைத் தீர்க்கவில்லை. ஆனால் விதி முற்றும் விளங்கும்வரை மூழ்குவோர் காத்திருக்க இயலுமா என்பதை அவ்வறிஞர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிட்ஸ்ராய்க்கு உடல் தளர்ந்தது, செவிப்புலன் மங்கியது. பொதுப்பணிக்காகவே தம் செல்வமெல்லாம் செலவிட்டவர் ஆதலின் வறுமையும் சூழ்ந்தது. இளமை முதலே அவ்வப்போது அவரை வருத்திய மனச்சோர்வு என்னும் நோய் முற்றியது. 1865 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்நோயின் கொடுமையால் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு அப்போது அகவை ஐம்பத்தொன்பது. அந்நோய்க்கு மருந்தும் ஆறுதலும் உண்டென்பதை அக்காலத்தார் அறியார். அவர் குடும்பத்திற்கு எஞ்சியது கடனே. நண்பர்கள் நிதி திரட்டினர். கருத்து வேற்றுமையால் நெடுநாள் விலகியிருந்த டார்வின் நூறு பவுன் அளித்தார். அரசியார் அவர் மனைவியார்க்கு ஆம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருக்கை வழங்கினார்.

அவர் மறைந்தபின், பிரான்சிஸ் கால்ட்டன் தலைமையில் ஒரு குழு அவர் பணியை ஆராய்ந்தது. முன்னறிவிப்புக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அக்குழு கூறியது. நாளிதழ்க் குறிப்புகள் நின்றன. 1866 ஆம் ஆண்டு திசம்பரில் புயலெச்சரிக்கையும் நிறுத்தப்பட்டது. கம்பங்கள் வெறுமையாய் நின்றன.

அப்பொழுதுதான் துறைமுகங்கள் வாய் திறந்தன. இருந்தபோது குறை கூறப்பட்ட குறிகள் இல்லாதபோது தேடப்பட்டன. கப்பலுடையோரும் கடலோடுவோரும் அவற்றை மீண்டும் வேண்டினர். ஏறத்தாழ ஓராண்டுக்குள், 1867 இல், எச்சரிக்கை மீண்டும் தொடங்கியது. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு திரும்புவதற்கு 1879 வரை ஆயிற்று. நம் நாட்டிலோ, 1864 ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிப் பல்லாயிரவரை மாய்த்தபின், 1865 ஆம் ஆண்டில் அத்துறைமுகத்தில் புயலெச்சரிக்கைக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. பின்னர் மற்றத் துறைமுகங்களுக்கும் அது பரவியது.

1881 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள், ஸ்காத்லாந்தின் ஐமவுத் என்னும் மீனவர் ஊரில் காலை வேளை அமைதியாக விடிந்தது. பாரமானி மிகவும் இறங்கியிருந்தது. முன்னைய நாட்களின் கொந்தளிப்பால் தொழிலின்றி இருந்த மீனவர், அதனைக் கண்டும் கடலுக்குச் சென்றனர். நண்பகலில் புயல் வந்தது. அவ்வூரிலும் அண்டை ஊர்களிலுமாக நூற்று எண்பத்தொன்பதின்மர் மாண்டனர்.

பிரிட்டனைச் சூழ்ந்த கடலை இக்காலத்தில் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றன் பெயரையும் கூறி வானொலியில் காற்று நிலையை அறிவிப்பர். அவற்றுள் 'பினிஸ்தெர்' என்றொரு பகுதி இருந்தது. ஸ்பெயின் நாட்டினர் அப்பெயரை வேறொரு பகுதிக்கு வழங்கிவந்தமையால், குழப்பம் நீங்கப் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. 2002 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் அக்கடற்பகுதி 'பிட்ஸ்ராய்' எனப்படுகின்றது. கடலிலிருக்கும் மாலுமியர் வானொலியில் அப்பெயரைக் கேட்டு, அடுத்து வரும் காற்றின் திசையைக் குறித்துக்கொள்கின்றனர்.